ஒரு மலையில் 1,300 உருளைக்கிழங்கு ரகங்கள்: விதையைக் காக்கும் பெரு நாட்டு விவசாயிகள்

உருளைக்கிழங்கு பயிரிடும் நம் மலை விவசாயியிடம் என்ன ரகம் என்று கேட்டால் குப்ரி ஜோதி, குப்ரி கிரிராஜ், குப்ரி சுவர்ணா என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் ஒரு மலைப்பகுதி இருக்கிறது. அங்குள்ள கிராமச் சமூகங்கள் தங்களிடம் 1,300-க்கும் மேற்பட்ட ரகங்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்கின்றன. சிவப்பு, மஞ்சள், ஊதா, கறுப்பு என்று எல்லா நிறத்திலும் கிழங்கு உண்டு. வெட்டினால் உள்ளே ஊதா வளையம் தெரியும் ரகமும் உண்டு. இவற்றை வருடாவருடம் நட்டு, தோண்டி, வேகவைத்துச் சாப்பிட்டு, மறு வருடத்துக்கு விதைக்கிழங்கு எடுத்து வைக்கிறார்கள்.

இத்தனை ரகங்களை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரே நல்ல ரகத்தைப் போட்டு அதிக மகசூல் எடுத்தால் போதாதா? இந்தக் கேள்வி உங்கள் மனதில் எழுந்தால் தொடர்ந்து படியுங்கள்.

எங்கே இருக்கிறது?

பெரு நாட்டின் தெற்கே, ஆண்டிஸ் மலைத்தொடரில் குஸ்கோ நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் இன்கா பேரரசின் தலைநகர். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் பிசாக் என்ற ஊர். சந்தைக்கும், இன்கா காலத்துக் கல்வரப்புப் படிக்கட்டு வயல்களுக்கும் பெயர் பெற்றது. நம் நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். பிசாக் ஊர் பள்ளத்தாக்கின் அடியில் இருந்தும் 2,900 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. நாம் சொல்லும் கிராமங்கள் அதற்கும் மேலே, 3,400 முதல் 4,500 மீட்டர் வரை பரந்து கிடக்கின்றன. மொத்தம் சுமார் 9,000 ஹெக்டேர்.

அமாரு, சவாய்திரே, குயோ கிராண்டே, பம்பாயக்தா, பாரு பாரு, சகாகா என்ற ஆறு சமூகங்கள் 2000-களின் தொடக்கத்தில் ஒன்று சேர்ந்து இந்தப் பகுதியை 'உருளைக்கிழங்குப் பூங்கா' என்று அறிவித்தன. பூங்கா என்றதும் வேலி போட்டு வேடிக்கை பார்க்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். இது முழுக்க விவசாயிகளின் நிலம். பேசும் மொழி கெச்சுவா. அந்த மொழியில் உருளைக்கிழங்கின் பெயர் 'பாப்பா'.

உருளைக்கிழங்கு பிறந்த மலையும் இதுதான். ஏறக்குறைய 7,000 முதல் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு, தெற்குப் பெருவின் டிடிகாகா ஏரியை ஒட்டிய மேட்டுநிலப் பகுதியில் காட்டுக் கிழங்கை மனிதர்கள் பயிராக்கினார்கள். இன்றும் இங்கே வயல் ஓரத்திலும் பாறை இடுக்கிலும் காட்டு உருளைச் செடிகள் தானாக முளைக்கின்றன.

மருமகளை அழவைக்கும் கிழங்கு

ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பெயர், ஒரு கதை. 'பூமா மாகி' என்றால் பூமா என்னும் மலைச்சிங்கத்தின் பாதம். கிழங்கின் வடிவம் அப்படி. இன்னொன்று 'கச்சுன் வகாச்சி', அதாவது 'மருமகளை அழவைப்பது'. அன்னாசிப் பழம்போல உடம்பெல்லாம் முண்டும் குழியுமாக இருக்கும். மாமியார் இந்தக் கிழங்கைக் கொடுத்துத் தோல் சீவச் சொல்வாராம். சதை வீணாகாமல் மெல்லியதாகச் சீவினால் அந்தப் பெண் குடும்பத்துக்கு ஏற்றவள் என்று பொருளாம். மாமியார், மருமகள் கதைக்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை.

பெயர்கள் வெறும் வேடிக்கைக்கு வைத்தவை அல்ல. எந்தக் கிழங்கு பனியைத் தாங்கும், எது வறட்சியில் நிற்கும், எது சூப்புக்கு, எது வேகவைத்து உரித்துச் சாப்பிட, எது வருடக்கணக்கில் காயவைத்துச் சேமிக்க என்ற விவரமெல்லாம் அந்தப் பெயரோடு சேர்ந்தே குழந்தைகளுக்குப் போகிறது. பெயர் மறந்தால் அந்த விவரமும் மறந்துபோகும். ரகங்களை நன்கு அறிந்த அனுபவசாலிகளை 'பாப்பா அராரிவா', அதாவது உருளைக்கிழங்கின் காவலர் என்று அழைக்கிறார்கள். விதை தேர்வு, சேமிப்பு, பதிவு எல்லாவற்றிலும் இவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

ஒரே வயலில் கலந்து நடுவது ஏன்?

இந்த உயரத்தில் விவசாயம் என்பது தினம் ஒரு சோதனை. பகலில் சுள்ளென்ற வெயில். இரவில் உறைபனி. நடுவில் ஆலங்கட்டி மழை. திடீரென்று ஒரு மாதம் மழையே இராது. இலைக்கருகல் நோயும், கிழங்கைத் துளைக்கும் ஆண்டிஸ் கூன்வண்டும் வேறு.

எனவே ஒரே வயலில் பல ரகங்களைக் கலந்து நடுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே இடத்தில் நிலம் இருப்பதும் அரிது. கீழே ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு என்று வெவ்வேறு உயரத்தில் இருக்கும். பனி விழுந்தால் சில ரகங்கள் போகும், சில நிற்கும். நோய் வந்தால் வேறு சில போகும், வேறு சில நிற்கும். எந்த வருடமும் எல்லாமே போய்விடுவதில்லை. அதிக விளைச்சல் தரும் ஒரு வருடத்தைவிட, எந்த வருடமும் பட்டினி இல்லாமல் இருப்பதே அவர்களுக்கு முக்கியம்.

இதற்கு நேர்மாறாக நடந்ததை வரலாறு சொல்கிறது. ஆண்டிஸிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன உருளைக்கிழங்கு அயர்லாந்து ஏழைகளின் முக்கிய உணவானது. அங்கே 'லம்பர்' என்ற ஒரே ரகம்தான் பெரும்பாலான வயல்களில் இருந்தது. 1845-ல் இலைக்கருகல் நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பஞ்சத்தில் இறந்தார்கள். அந்தச் சாவுக்கு ஆட்சியாளர்களின் கொள்கையும் காரணம் என்றாலும், வயலில் ஒரே ரகம் இருந்ததால் நோய்க்குத் தடையே இல்லாமல் போயிற்று.

ஊர் கூடி முடிவு செய்யும் தரிசு

பிசாக் மேட்டுநிலத்தில் ஒரே வயலில் வருடாவருடம் உருளைக்கிழங்கு போடமாட்டார்கள். ஊரின் மேட்டு நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, இந்த வருடம் எந்தப் பகுதியில் கிழங்கு என்று சமூகக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். இதற்கு 'லைமி' என்று பெயர். முதல் வருடம் உருளைக்கிழங்கு. அடுத்து ஓக்கா, உல்யூகோ, மாஷுவா போன்ற உள்ளூர்க் கிழங்குகள் அல்லது பார்லி, அவரை வகை. அதன்பின் பல வருடங்கள் தரிசு. அந்தத் தரிசில் ஆடும், ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமாவும் அல்பாக்காவும் மேயும். அவற்றின் சாணம்தான் மறுபடி கிழங்குக்கு உரம்.

இவ்வளவு நீண்ட தரிசால் மண் வளம் மீள்கிறது. மண்ணில் உள்ள நூற்புழுவும் உணவுச்செடி இல்லாமல் குறைகிறது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனி ஒரு விவசாயி நினைத்தால் மட்டும் இந்தச் சுழற்சி நடக்காது. பக்கத்து வயல்காரர் கிழங்கு போட்டிருந்தால் இங்கே மாடு மேய்க்க முடியாது, நோயும் தாவிவிடும். ஊரே ஒத்துக்கொண்டால்தான் வேலை நடக்கும்.

உழைப்பும் அப்படியே. சரிவான நிலத்தில் மாட்டு ஏரோ டிராக்டரோ போகாத இடங்களில் 'சாகி தக்யா' என்ற கால் ஏரால் மண்ணைப் புரட்டுகிறார்கள். நீண்ட மரக்கம்பு, அடியில் இரும்புக் கொழு, கால் வைத்து அழுத்த ஒரு மிதி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று மிதித்து மண்கட்டியைப் பெயர்ப்பார்கள். மூன்றாவது ஆள் அதைப் புரட்டிப்போடுவார். இன்று நான் உன் வயலுக்கு வந்தால் நாளை நீ என் வயலுக்கு வர வேண்டும். கூலிப் பேச்சு கிடையாது. இதற்கு 'ஐனி' என்று பெயர். நம் ஊரிலும் ஆள் மாற்றி ஆள் நடவுக்குப் போன காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அறுவடை நாளில் வயலிலேயே மண்கட்டிகளை அடுக்கிச் சிறு அடுப்பு கட்டுவார்கள். உள்ளே தீ மூட்டி, கட்டிகள் நன்கு சூடானதும் கிழங்கைப் போட்டு அடுப்பையே இடித்து மூடிவிடுவார்கள். அந்தச் சூட்டில் வெந்த கிழங்குதான் வேலைக்கு வந்த எல்லோருக்கும் சாப்பாடு. இதன் பெயர் 'வாத்தியா'.

கார்த்திகையைப் பார்த்து விதைப்பு

ஆண்டிஸ் விவசாயிகள் விதைப்பு நாளை எப்படிக் குறிக்கிறார்கள் தெரியுமா? நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் சொல்லும் அதே நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்துத்தான். அவர்கள் அதைக் 'கொல்கா', அதாவது களஞ்சியம் என்கிறார்கள். பெருவிலும் பொலிவியாவிலும் உள்ள பல மலைக்கிராமங்களில் ஜூன் 24-ஐ ஒட்டிய நாட்களில் விடியலுக்கு முன் மலையேறிக் கிழக்கே பார்ப்பார்கள். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் மழை நேரத்துக்கு வரும். மங்கலாகத் தெரிந்தால் மழை தாமதமாகும், குறைவாகவும் இருக்கும். அப்போது வழக்கமான அக்டோபர் விதைப்பைச் சில வாரங்கள் தள்ளிவைப்பார்கள்.

இது மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாமல் ஆர்லோவ், சியாங், கேன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2000-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். எல் நினோ வருடங்களில் ஜூன் மாதத்திலேயே வானில் மிக உயரத்தில் மெல்லிய மேகப்படலம் அதிகமாகிறது. கண்ணுக்கு மேகமாகத் தெரியாது, ஆனால் நட்சத்திர ஒளியை மங்கவைக்கும். அதே எல் நினோதான் சில மாதங்கள் கழித்து அந்த மலையில் மழையையும் குறைக்கிறது. காரணம் தெரியாமலே விளைவைச் சரியாகக் கவனித்து வைத்திருந்தார்கள். வறட்சியில் முளைவிட்ட கிழங்கு கருகாமல் இருக்க அந்தச் சில வாரங்கள் போதும்.

பனியில் காய்ந்த வற்றல்

பூமியின் தென்பாதியில் இருப்பதால் அங்கே ஜூன், ஜூலை மாதங்கள்தான் கடும் குளிர். அந்தக் குளிரையும் அவர்கள் வேலை வாங்குகிறார்கள். 4,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் சாதாரண ரகம் பனியில் கருகிவிடும். அங்கே கசப்பு உருளை ரகங்கள்தான் தாக்குப்பிடிக்கும். ஆனால் அவற்றை அப்படியே சாப்பிட முடியாது. கசப்புக்குக் காரணமான பொருள் நஞ்சு.

எனவே அறுவடை செய்த கிழங்கைப் புல்தரையில் பரப்பி இரவில் உறையவிடுகிறார்கள். பகல் வெயிலில் இளகும். இப்படிச் சில நாட்கள் போனதும் வெறுங்காலால் மிதித்து நீரையும் தோலையும் நீக்கிக் காயவைக்கிறார்கள். இதுதான் 'சூன்யோ' என்ற கறுப்பு வற்றல். உறைந்த கிழங்கை ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பிறகு காயவைத்தால் வெள்ளை வற்றல். அதைக் குஸ்கோ பக்கம் 'மொராயா' என்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ கிழங்கு ஒரு கிலோ வற்றலாகிறது. நன்றாகக் காய்ந்தால் பல வருடங்கள் கெடாது. மின்சாரமும் குளிர்பதனக் கிடங்கும் இல்லாமல் பஞ்ச காலத்துக்குச் சேமித்த வழி இது.

மேலே விளைந்த கிழங்கும் வற்றலும் கீழே பள்ளத்தாக்குக்குப் போகும். அங்கிருந்து மக்காச்சோளமும் பழமும் மேலே வரும். அருகிலுள்ள லாரெஸ் பள்ளத்தாக்கில் இன்றும் காசில்லாமல் பண்டமாற்று நடக்கும் வாரச்சந்தைகள் உண்டு. பெரும்பாலும் பெண்களே நடத்துகிறார்கள். விதையும் ஊருக்கு ஊர் இப்படித்தான் கைமாறுகிறது.

தொலைந்த ரகங்கள் திரும்பி வந்தன

இவ்வளவு இருந்தும் ரகங்கள் தொலையாமல் இல்லை. சந்தைக்கு யுங்காய், கன்சான் போன்ற மேம்படுத்தப்பட்ட ரகங்கள் வந்தன. அவை அதிக மகசூல் தரும், ஒரே அளவாக இருக்கும், வியாபாரி எளிதில் வாங்குவார். முண்டும் முடிச்சுமான நாட்டு ரகத்துக்கு நகரத்தில் விலை குறைவு. பனியும் நோயும் சேர்ந்து வேறு சில ரகங்களைத் தின்றன.

பெருவின் தலைநகர் லிமாவில் 1971-ல் தொடங்கப்பட்ட சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இருக்கிறது. அதன் மரபணு வங்கியில் ஆண்டிஸ் கிராமங்களிலிருந்து முன்பு திரட்டிய ஆயிரக்கணக்கான ரகங்கள் பாதுகாக்கப்படுகின்றன. 2004 டிசம்பரில் இந்த மையமும் பூங்காவின் சமூகங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி சுமார் 410 நாட்டு ரகங்கள் நோய் நீக்கிய விதைக்கிழங்காகத் திரும்பி வந்தன. விவசாயிகள் அவற்றைப் பல உயரங்களில் நட்டு வளர்த்துப் பெருக்கினார்கள். விதையின் மீதும், அதைப் பற்றிய அறிவின் மீதும் சமூகத்துக்கு உள்ள உரிமையை அந்த ஒப்பந்தம் ஏற்றுக்கொண்டது.

ஆராய்ச்சி நிலையத்தில் குழாயில் வளரும் ரகம் பத்திரமாக இருக்கும். ஆனால் மாறும் பருவத்தை அது சந்திப்பதில்லை. வயலில் வருடாவருடம் நடும் ரகத்திலிருந்து, இந்த வருடப் பனிக்கும் பூச்சிக்கும் தாக்குப்பிடித்த கிழங்கை விவசாயி தேர்ந்தெடுக்கிறார். ஒரு நாள் வயலில் தொலைந்தால் வங்கியிலிருந்து எடுக்கலாம். இரண்டும் வேண்டும் என்பதை இரு தரப்பும் உணர்ந்ததால்தான் இந்த ஏற்பாடு நடந்தது. பின்னர் 2015-ல் பூங்காவின் விவசாயிகள் நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு உலக விதைக் கிடங்கிலும் தங்கள் உருளை ரகங்களின் விதைகளைச் சேமித்தார்கள். கிழங்கு நீண்ட நாள் தாங்காது என்பதால், பூ காய்த்து வரும் சிறு விதையைத்தான் அங்கே அனுப்பினார்கள்.

சுற்றுலா, மூலிகைப் பொருள், உணவகம் ஆகியவற்றில் கூட்டாக ஈட்டும் வருமானத்தில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகிறது. அதை எப்படிப் பகிர்வது என்பதற்குச் சமூகங்கள் தங்களுக்குள் எழுத்து ஒப்பந்தம் வைத்திருக்கின்றன.

மலைக்கு உச்சி உண்டு

இப்போது அவர்களை வாட்டும் பிரச்சினைக்கு வருவோம். மலை சூடாகிறது. தாத்தா காலத்தில் நன்றாக விளைந்த உயரத்தில் இப்போது கூன்வண்டும் இலைக்கருகலும் அதிகம். எனவே நாட்டு ரகங்களை மேலே மேலே கொண்டுபோய் நடுகிறார்கள். கீழே விட்ட இடத்தில் மக்காச்சோளம் ஏறி வருகிறது.

ஆனால் எவ்வளவு தூரம் ஏற முடியும்? மேலே போகப் போக மண் ஆழம் குறைகிறது, பாறை வருகிறது, சரிவு கூடுகிறது. அந்த உயரம் அல்பாக்காவின் மேய்ச்சல் நிலம். அதில் கிழங்கு போட்டால் மேய்ச்சல் குறையும், சாணமும் குறையும், தரிசுச் சுழற்சியும் ஆட்டம் காணும். உறைபனி இரவுகள் தவறினால் வற்றலும் சரியாக வராது. கசப்பு ரகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொரு பக்கம் இளைஞர்கள் குஸ்கோவுக்கும் சுற்றுலா வேலைக்கும் போகிறார்கள். ஐனிக்கு ஆள் குறைகிறது. அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. ரகத்தைக் காப்பதால் உலகத்துக்கு நன்மை, சரி. எங்கள் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு என்ன வழி? பொது நிதி, உணவகம், வண்ணக் கிழங்குக்கான தனிச்சந்தை எல்லாம் இந்தக் கேள்விக்குத் தேடும் பதில்கள். முழுப் பதில் இன்னும் கிடைக்கவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நீலகிரி விவசாயிகளுக்கு இந்த ஆண்டிஸ் மலை வெறும் தூர தேசம் இல்லை. 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவின் பிறப்பிடம் ஆண்டிஸ்தான். செடியை மஞ்சளாக்கி, வளர்ச்சியைக் குன்றவைத்து, மகசூலைக் குறைக்கும் இந்தப் புழு விதைக்கிழங்கோடும் மண்ணோடும் உலகம் முழுக்கப் பரவியது. இதனால் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது பழைய விவசாயிகளுக்கு நினைவிருக்கும். இந்தப் புழுவைத் தாங்கும் ரகமாக வந்தது குப்ரி சுவர்ணா. அதன் எதிர்ப்புத் திறன் 'சொலானம் வெர்னி' என்ற காட்டு உருளை இனத்திலிருந்து பெறப்பட்டது. அந்தக் காட்டுச் செடியின் ஊரும் ஆண்டிஸ்தான்.

தீங்கு வந்த இடத்திலேயே மருந்தும் இருந்திருக்கிறது. அந்தக் காட்டுச் செடி அதற்குமுன் அழிந்திருந்தால் ஊட்டி விவசாயிக்கு அந்த வழி கிடைத்திருக்காது. நாளை வரும் புதிய பூச்சிக்கும் நோய்க்கும் தாங்கும் குணம் எந்த ரகத்தில் ஒளிந்திருக்கிறது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. பார்வைக்கு அழகில்லாத, சந்தையில் விலைபோகாத ஒரு கிழங்கில்கூட இருக்கலாம்.

ஆகவே பிசாக் மலையிலிருந்து விரிவாக்கப் பணியாளர்கள் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளலாம். ரகத்தின் பெயரையும் குணத்தையும் தெரிந்த மூத்த விவசாயிகளே அங்கே திட்டத்தின் நடுவில் இருக்கிறார்கள், கூட்டத்தின் ஓரத்தில் இல்லை. விதையை வெளியே கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது. தரிசும் பயிர்ச்சுழற்சியும் தனி விவசாயிக்குச் சொல்லும் அறிவுரையாக இல்லாமல் ஊர்க் கூட்டத்தின் முடிவாக இருக்கின்றன.

ஐ.நா. சபை மே 30-ஐ உலக உருளைக்கிழங்கு தினமாக அறிவித்து, 2024-ல் முதன்முறையாகக் கொண்டாடியது. பெருவில் அது முன்பிருந்தே தேசிய உருளைக்கிழங்கு தினம். அந்த நாட்களில் பிசாக் மேட்டுநிலத்தில் அறுவடை முடிந்து, கிழங்கை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டுக்கு ஒரு குவியல், வற்றலுக்கு ஒரு குவியல், விதைக்கு ஒரு குவியல். விலை எவ்வளவு ஏறினாலும், மழை எவ்வளவு ஏமாற்றினாலும், அந்த மூன்றாவது குவியலில் கை வைக்கமாட்டார்கள்.